கிராமத்துக்கு முகாம் போகிறவர்கள் வருஷா வருஷம் கேட்கும் கேள்விகள்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் ஒன்பது வருடம் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். இப்போது அந்தப் பொறுப்பு வேறொருவரிடம் இருக்கிறது. ஆனாலும் தை பிறந்தால் எனக்கு போன் வருவது நிற்கவில்லை. மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்கள், சில சமயம் ஊர்க்காரர்களே கூப்பிடுகிறார்கள். ஆள்தான் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர் வாய்ச்சொல்லிலேயே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

1. சார், ஏழு நாள் முகாம்னா என்ன? கட்டாயம் போகணுமா?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதில் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதுபோக, தத்தெடுத்த கிராமத்தில் தங்கிச் செய்யும் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று. இரண்டும் முடிந்தால்தான் சான்றிதழ்.

கட்டாயமா என்றால், திட்டத்தில் பெயர் கொடுத்திருந்தால் ஆமாம். பல கல்லூரிகளில் பகுதி ஐந்துக்காக (பட்டப் படிப்பில் வகுப்புக்கு வெளியே செய்யும் பணிகளுக்கான பகுதி அது) இதையோ தேசிய மாணவர் படையையோ விளையாட்டையோ எடுத்தே ஆக வேண்டும். 'எது லேசு' என்று பார்த்து இங்கே வருகிறவர்கள் பாதிப் பேர். அதில் தப்பில்லை. அப்படி வந்தவர்களில்தான் எனக்கு நல்ல ஆட்கள் கிடைத்தார்கள்.

2. அக்ரி காலேஜ் பசங்க மாசக்கணக்குல ஊர்ல தங்குறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம். இறுதியாண்டு வேளாண் மாணவர்களுக்கு அது பாடத்திலேயே உள்ள பகுதி. விவசாயியோடு வயலில் நின்று கற்றுக்கொள்வதுதான் அதன் வேலை. 2014-இல் வந்த உன்னத் பாரத் அபியான் இன்னொன்று. அதில் சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது 5 கிராமங்களை எடுத்து நீண்ட நாள் வேலை செய்ய வேண்டும். டெல்லி ஐ.ஐ.டி. அதை ஒருங்கிணைக்கிறது. சின்னாளப்பட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தில் 1956-இலேயே இதற்கென்று ஊரகக் கல்வி நிலையம் வைத்து, படிப்பையும் கிராமத்தையும் சேர்த்தே நடத்துகிறார்கள்.

நமக்குக் கிடைப்பது ஏழு நாள். மற்றவர்களுக்கு இருக்கும் அவகாசம் நமக்கு இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

3. ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? எங்க பிரின்சிபால் அவர் சொந்த ஊரைச் சொல்றார்.

சொல்வார். அடுத்த வருடம் துறைத் தலைவர் அவர் ஊரைச் சொல்வார். வருடத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றினால் எந்த ஊரையும் உங்களுக்குத் தெரியாது, எந்த ஊருக்கும் உங்களைத் தெரியாது.

நான் பார்ப்பது மூன்று. கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போக முடிய வேண்டும், ஏனென்றால் முகாம் முடிந்த பிறகும் போக வேண்டியிருக்கும். இருநூறு வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஐம்பது பிள்ளைகள் இரண்டு நாளில் எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். தங்குகிற பள்ளிக்கூடத்தில் கழிப்பறையும் தண்ணீரும் வேலை செய்ய வேண்டும். மூன்றும் அமைந்தால் பிரின்சிபாலின் ஊராக இருந்தாலும் பரவாயில்லை.

4. ஏழு நாள்ல உண்மையிலேயே என்ன சார் பண்ண முடியும்?

கையால் செய்வது கொஞ்சம்தான். மாசி மாதம் நூறு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் பக்கம் மழை ஐப்பசி, கார்த்திகையில். மாசியில் வைத்த கன்றுக்கு எட்டு மாதம் யாரோ குடம் சுமக்க வேண்டும். யார்? அந்த யாருக்குப் பெயர் இல்லாவிட்டால் நடாதீர்கள். சீமைக் கருவேலம் வெட்டுவதும் அப்படியே. தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்கு அடித்தூரிலிருந்து நாலு கிளையாக வரும். வேரோடு தோண்ட வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும், புறம்போக்கு என்றால் அனுமதியும் வேண்டும்.

மாணவர்களிடம் இருந்து ஊரிடம் இல்லாதது ஒன்று உண்டு. அன்றாடப் பாடு இல்லாத ஐம்பது பேர், ஏழு நாள், கையில் நோட்டு. எண்ணலாம், அளக்கலாம், எழுதலாம், மனு தயாரிக்கலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த குறை தாளில் இருக்காது. தாளில் இல்லாததை ஒன்றிய அலுவலகத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். என்ன சொல்கிறேன் என்பது 6-ஆம் கேள்வியில் புரியும்.

5. தெருவுல கலர்ப்பொடி போட்டு ஊர் மேப் வரையுறாங்களே, அது சும்மா ஷோவா?

ஷோவாகவும் செய்யலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பி.ஆர்.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில் அது ஒரு முறை. ஊரக வளர்ச்சி பற்றி ஆராய்ந்த ஆங்கிலேயர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் உலகம் முழுக்கப் பரப்பியது. அடிப்படை விதி ஒன்றுதான்: பொடி ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும், மாணவர் கையில் இல்லை.

ஒரு ஊரில் காலை பத்து மணிக்குச் சாவடி முன்னால் வரையச் சொன்னோம். நூறு நாள் வேலைக்குப் பெண்கள் போயிருந்த நேரம். ஆண்கள் வரைந்தார்கள். கோயில், கண்மாய், சாவடி, டீக்கடை, பஸ் நிற்கும் ஆலமரம், தார் ரோடு. அழகாக இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்த ஒரு அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏ தம்பி, இது எந்த ஊரு? அடிபம்பைக் காணோம், ரேஷன் கடையைக் காணோம், நாங்க ஒதுங்குற எடத்தையும் காணோம்" என்றார். பிறகு அவரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெள்ளைப்பொடியை எடுத்தார். கடைசித் தெரு முதல் படத்தில் ஒரு கோடாக இருந்தது, அவர் அதில் இருபத்திரண்டு வீட்டை வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் ஒரே ஊருக்கு இரண்டு படம் போடுகிறோம், ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் முகாமுக்கான வேலை இருக்கும்.

பருவ நாட்காட்டியும் போடச் சொல்லுங்கள். எந்த மாதம் கூலி உண்டு, எந்த மாதம் கடன், எந்த மாதம் காய்ச்சல். சித்திரை, வைகாசியில் தண்ணீர், ஆனியில் பள்ளிக்கூடச் செலவு என்று அவர்களே கூழாங்கல்லை அடுக்குவார்கள்.

6. 'உங்க முகாமால எங்களுக்கு என்னப்பா கிடைக்கும்'னு ஒரு பெரியவர் கேட்டார். நான் முழிச்சேன்.

முழித்தது சரி. 'உங்க ஊரை முன்னேத்துறோம்' என்று பொய் சொல்வதைவிட அது மேல். நான் சொல்லும் பதில்: "பணம் கிடையாது, கட்டடம் கிடையாது. ஒரே ஒரு விஷயத்தை முழுசா விசாரிச்சு எழுதித் தருவோம். எந்த விஷயம்னு நீங்க சொல்லுங்க."

மேலே சொன்ன ஊரில் பெண்கள் தண்ணீரைச் சொன்னார்கள். கடைசித் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று அந்தத் தெரு. எல்லாருக்கும் வருகிறது என்று முதல் தெரு. தொட்டி ஆபரேட்டரோ தினம் காலை ஒரு மணி நேரம் திறக்கிறேன் என்றார். மூவரும் சொன்னது உண்மை. எங்கள் பிள்ளைகள் செய்தது இவ்வளவுதான்: மூன்று நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, குழாய்க்கு ஒருவராக நின்று, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பார்த்து எழுதினார்கள். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் 35 விநாடி. கடைசித் தெருக் குழாயில் நாலு நிமிடம் பத்து விநாடி. ஒரு மணி நேரத்தில் அங்கே நூறு குடம், இங்கே பதினான்கு. பதினான்கு குடத்துக்கு இருபத்திரண்டு வீடு. ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும் அந்தத் தெருவில் வீட்டுக்கே பத்து லிட்டர்தான்.

நடுவில் மூன்று வீட்டில் குழாயோடு மோட்டார் வைத்து இழுப்பதும் கண்ணில் பட்டது. பெயரோடு எழுத வேண்டும் என்று பிள்ளைகள் துடித்தார்கள். வேண்டாம் என்றேன். குழாய் வாரியாக நேரத்தை மட்டும் சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டினோம். ஒரு நாள் முழுக்க ஊரே வந்து படித்தது. மறுநாள் மூன்று மோட்டாரில் இரண்டு ஓடவில்லை. மேல் தெருவுக்குப் பிரியும் இடத்தில் ஒரு வால்வு துருப்பிடித்துத் திருப்ப முடியாமல் கிடந்தது. அதை ஊராட்சி மாற்றியது. முதல் அரைமணி கடைசித் தெரு, அடுத்த அரைமணி மற்றவை என்று ஆபரேட்டர் பிரித்துத் திறந்தார்.

7. கிராம சபையில நாங்க எழுந்து பேசலாமா?

போய் உட்காரலாம், பார்க்கலாம். தீர்மானம் அந்த ஊராட்சி வாக்காளர்களுடையது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவிக் காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தாலும் கூட்டம் உண்டு. முகாம் தேதியை முடிவு செய்யும்போதே அடுத்த கூட்டம் என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகைக் கணக்கும் முக்கியம். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். ஆள் சேராத கூட்டத்தில் போட்ட தீர்மானத்தை வைத்து என்ன செய்ய? முந்தின நாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் வேலையை மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

6-இல் சொன்ன தண்ணீர்ச் சார்ட்டைக் கிராம சபையில் வாசித்தது எங்கள் மாணவர் யாருமில்லை, பொடி எடுத்துப் படம் போட்ட அந்த அம்மா. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். நிமிடமும் விநாடியும் மாறிப்போன இடத்தில் கூட்டமே திருத்தியது. அவர் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். 'பேசினோம்' என்பதும் 'பதிவானது' என்பதும் வேறு வேறு.

8. கண்மாய் தூர்வாரலாமா? ஒருத்தர் ஜேசிபி தர்றேங்கிறார், டீசல் மட்டும் நாம போடணும்.

முதலில் கண்மாய் யாருடையது என்று கேளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைவான பாசனப் பரப்பு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் நீர்வளத் துறை. யாரையும் கேட்காமல் தோண்டினால் நாளைக்கு வழக்கு உங்கள் கல்லூரி பெயரில் வரும். அப்புறம் இலவச ஜேசிபி என்றாலே நான் ஒரு தரம் யோசிப்பேன். மண் எங்கே போகிறது? விவசாயிகள் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதியோடு வழி இருக்கிறது. அந்த வழியில் வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, பல கண்மாய் காய்வது வண்டலால் இல்லை, வரத்துக்கால்வாய் அடைபட்டதால். அதை மாணவர்கள் பார்க்கலாம். இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய் வாயிலிருந்து மேலே நடங்கள். நாங்கள் நடந்தது மூன்றரைக் கிலோமீட்டர். எங்கே கருவேலம் மண்டியிருக்கிறது, எங்கே பாலத்துக்கடியில் குழாய் சின்னது, எங்கே யாரோ வரப்பை நகர்த்தியிருக்கிறார்கள் என்று வரிசையாக எழுதினோம். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டோம். ஆக்கிரமிப்பு வந்த இடத்தில், 6-இல் சொன்ன அதே விதி: அளவை எழுதுங்கள், பெயரை எழுதாதீர்கள். சர்வே எண் போதும், மீதியை வருவாய்த் துறை பார்க்கும்.

9. செலவுக்கு ஊர்ல வசூல் பண்ணலாமா?

கூடாது. முகாமுக்கு வரும் நிதி சாப்பாட்டுக்கே சரியாகப் போகும், தெரியும். ஊர் தானாக ஒரு வேளைச் சோறு போட்டால் சாப்பிடுங்கள், எழுதி வைத்து நன்றி சொல்லுங்கள். ஊருக்குப் பெரிய வேலை வேண்டுமென்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி அரசு போடும். அந்தப் பங்கை ஊரே திரட்ட வேண்டும். மாணவர் கையில் ரசீதுப் புத்தகம் வேண்டாம்.

10. பொம்பளப் பிள்ளையை ஏழு நாள் வெளியில தங்க அனுப்ப பயமா இருக்குங்க.

பயப்பட வேண்டிய இடங்களைச் சொல்கிறேன், கல்லூரியில் கேளுங்கள். இரவு தங்கும் பெண் ஆசிரியர் யார், எத்தனை பேர்? உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? கழிப்பறை கட்டடத்துக்குள்ளா, மைதானத்தின் அந்தக் கோடியிலா? நான்கில் மூன்று முகாமில் பிரச்சினை கழிப்பறைதான். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுவார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், பகலில் வந்து சாயங்காலம் வீடு திரும்ப அனுமதி கேளுங்கள். நான் பலருக்குக் கொடுத்திருக்கிறேன்.

11. சார், கணக்கெடுப்புல சாதி கேட்கலாமா? கேட்காம இருந்தா எல்லாம் சமம்னு ஆயிடுமா?

ஆகாது. முதல் வருடம் நான் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு ரொம்பப் பெருமையாக இருந்தேன். அறிக்கையில் ஊர் முழுக்க ஒரே மாதிரி தெரிந்தது. வீட்டு வாசலில் நின்று சாதி கேட்க மாட்டேன் என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆனால் தெரு வாரியாகக் கணக்கு எடுங்கள். குடம் நிறையும் நேரம், தெருவிளக்கு, கழிவுநீர் ஓடை, அங்கன்வாடிக்குத் தூரம். 6-ஆம் பதிலில் வந்த கடைசித் தெரு எந்தத் தெரு என்று நான் சொல்லவில்லை, நீங்களே புரிந்துகொண்டிருப்பீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக 2025-இல் அறிவித்தார்கள். ஊர் வாயிலிருந்து அது போக நாளாகும். தண்ணீர்க் குழாயிலிருந்து போக இன்னும் நாளாகும்.

சில விஷயங்களில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தங்குவது அரசுப் பள்ளியில் மட்டும், ஒருவர் வீட்டிலும் இல்லை. எல்லாரையும் உள்ளே விடாத கோயிலில் உழவாரப்பணி கிடையாது. தொடக்க நாள் கூட்டத்தை இரண்டு தெருக்காரரும் வரக்கூடிய பள்ளி மைதானத்தில் வைக்க வேண்டும். ஒரு முகாமில் முதல் நாள் இரவே ஒரு பெரியவர் வந்து, "அந்தப் பக்கம் போய் டீ கீ குடிக்காதீங்க சார், பிள்ளைக வயித்துக்கு ஆகாது" என்று அக்கறையாகச் சொன்னார். மறுநாள் காலை டீ அந்தப் பக்கத்துக் கடையில்தான், ஐம்பது பேருக்கும். கடைக்காரரிடம் அத்தனை கிளாஸ் இல்லை, ஐந்து ஐந்து பேராகக் குடித்தோம், வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. பெரியவர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வரத்துக்கால்வாய் காட்ட அவர்தான் வந்தார்.

12. ஊர்ல ரெண்டு கோஷ்டி. யார்கிட்ட முதல்ல போறது?

ஒரே நாளில் இரண்டு பேரிடமும். மேடையில் யாருக்கும் பொன்னாடை வேண்டாம். பாதிச் சண்டை பொன்னாடையில் தொடங்குகிறது.

13. டி.டி.எஸ். மீட்டர் வச்சுப் பார்த்தோம், 1,400 காட்டுது. குடிக்காதீங்கன்னு சொல்லிடலாமா?

அவசரப்படாதீர்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கரைந்த உப்பு (டி.டி.எஸ். என்பது இதுதான்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 1,400 உப்புக் கரிக்கும், பருப்பு வேகாது, ஆனால் விஷம் இல்லை. மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டியதா, நைட்ரேட் 45-ஐத் தாண்டியதா, கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 300 காட்டும் தண்ணீரிலும் இவை இருக்கலாம்.

மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, எந்த இடம், என்ன தேதி என்று எழுதி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை ஊரில் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு வீடு கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தால் மாதச் செலவு ஏறும், அந்தக் கேனை யார் சோதித்தார்கள்? நீங்கள் அங்கேயே பார்க்கக்கூடியது குளோரின். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்கான சோதனைப் பெட்டி பல ஊராட்சிகளில் பிரிக்காமலே பீரோவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

14. முகாம் முடிஞ்சு நாங்க திரும்பி வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிடுது சார். அப்புறம் எதுக்குப் போகணும்?

ஆகும். நாங்கள் ஒரு ஊரில் படிப்பகம் வைத்தோம். முந்நூறு புத்தகம், அலமாரி, திறப்பு விழா. அடுத்த வருடம் போனபோது சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே ரேடியோ செட் வாடகைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருந்தது. படிப்பகம் வேண்டுமென்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குப் புத்தகம் கிடைத்தது, வைத்தோம்.

தண்ணீர் விஷயமும் முழுசாக நிற்கவில்லை. அரைமணிக் கணக்கு ஏழெட்டு மாதம் ஓடியது. ஆபரேட்டர் மாறினார், புதியவர் பழையபடி ஒரேயடியாகத் திறந்தார். ஆனால் இந்தத் தடவை எங்களுக்கு யாரும் போன் செய்யவில்லை. கடைசித் தெருப் பெண்கள் இரண்டு பேர் ஒரு செல்போனும் ஒரு குடமுமாக மூன்று நாள் குழாயடியில் நின்று, நேரத்தை எழுதிக்கொண்டு, மே 1 கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த முகாமுக்குப் போனபோதுதான் எங்களுக்கே தெரியும். பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் சார்ட்டைவிடத் தெளிவாக இருந்தது, மழை பெய்த நாளைத் தனியாகக் குறித்திருந்தார்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை.

15. எல்லாம் சரி சார், சர்டிபிகேட் எப்போ கிடைக்கும்?

கேள்வி 1-ஐப் பாருங்கள். 240 மணி நேரத்தில் உங்களுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று வருகைப் பதிவேட்டில் இருக்கும்.